பிரின்டர் ஓடாத நாள்

வணக்கம் நேயர்களே. வங்கியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் ரிகன்சிலியேஷன் பிரிவில்தான். எங்கள் ஏட்டில் இருப்பதும் எதிர் வங்கியின் ஏட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்த்து, சிவப்புப் பென்சிலால் டிக் போடுகிற வேலை. 'உனக்கெல்லாம் தூக்கம் வராதா?' என்று மற்ற பிரிவுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஆன்லைன் திருட்டு என்றதும் இருட்டு அறையில் உட்கார்ந்து படபடவென்று கீபோர்டைத் தட்டுகிற ஒரு பையன்தான் நம் கண்ணுக்கு வருகிறான். அவனை விடுங்கள். இன்று நான் ஒரு பிரின்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கி. அங்கே வெள்ளி, சனி இரண்டும் வார விடுமுறை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பில் வரும் தகவல்களை இரவும் பகலும் தானாக அச்சடித்துத் தள்ளும் பிரின்டர் ஒன்று உண்டு. அன்று காலை வந்தவர்கள் பார்த்தபோது தட்டில் ஒரு காகிதமும் இல்லை. பிரின்டர் மக்கர் பண்ணுவது புதிதா என்ன? எப்போதும் வருகிற கோளாறுதானே என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஒருவழியாக அதை ஓட வைத்தபோது நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கேள்விகள் அச்சாகி விழுந்தன. வியாழன் இரவே திருடர்கள் அந்த வங்கியின் பெயரில், அதன் டாலர் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகள் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் 95 கோடி டாலர் கேட்டு! பெரும்பாலானவை அங்கேயே நிறுத்தப்பட்டன. ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. எப்படி? பணம் போக வேண்டிய அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த ஒரு வங்கியில் அது கண்ணில் பட்டு, விளக்கம் கேட்டார்கள். எழுத்துப்பிழையைத் திருத்துகிற வாத்தியார் புத்திக்கு 2 கோடி டாலர் மதிப்பு!

சரி, அது டாக்கா. சரியாக இரண்டு வருஷம் கழித்து அதே பிரின்டர் கதை நம் கும்பகோணத்துக்கு வந்தது. சிட்டி யூனியன் வங்கி, 1904-ல் தொடங்கிய பழைய வங்கி. 2018 பிப்ரவரி 6 மாலை, ஸ்விஃப்ட் பிரின்டர் ஓடவில்லை. துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு, கிட்டத்தட்ட 20 லட்சம் டாலருக்கு மூன்று பணப் பரிமாற்றங்கள் போயிருந்தன. அதற்கான ஒப்புகைச் சீட்டு அச்சாகிவிடக் கூடாது என்றுதான் பிரின்டரை முடக்கியிருந்தார்கள். ஆனால் இங்கே விஷயம் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. கணக்கை ஒத்துப்பார்த்தவர்கள், தாங்கள் அனுப்பாத மூன்று வரிகளைக் கண்டார்கள். உடனே எதிர் வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். தூக்கம் வருகிற வேலையாம்!

கடைகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடைச் சங்கிலி, அப்போது சுமார் 1,800 கிளைகள். 2013 நவம்பர் கடைசியில், நம் ஊர் தீபாவளி நெரிசல் போல அங்கே வியாபாரம் கொதிக்கிற நேரத்தில், திருடர்கள் கல்லா இயந்திரங்களுக்குள் புகுந்துவிட்டார்கள். முன்வாசல் வழியாக இல்லை. கடைகளுக்கு ஏசி, குளிர்பதன வேலை பார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரருக்கு, பில் அனுப்புவதற்காக டார்கெட் கொடுத்து வைத்திருந்த பாஸ்வேர்டைத் திருடி, கொல்லைப்புறமாக வந்தார்கள்.

நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது, எண் பூட்டப்பட்டு மறைவாகப் போவதற்கு முன்னால், கல்லா இயந்திரத்தின் நினைவகத்தில் ஒரு கணம் அப்படியே திறந்து கிடக்கும். பெட்டிக்குள் வைப்பதற்கு முன் எண்ணுகிற நோட்டு மேசைமேல் கிடக்குமே, அது மாதிரி. அந்த ஒரு கணத்தில் அள்ளினார்கள். மூன்று வாரத்துக்குள் 4 கோடி கார்டு எண்கள்.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அந்த நிறுவனம் 16 லட்சம் டாலர் செலவில் ஒரு காவல் மென்பொருள் வாங்கி வைத்திருந்தது. அது நவம்பர் 30 அன்றே கூவியது. அதைக் கேட்டவர்கள் நம் பெங்களூரில் உட்கார்ந்திருந்த குழுவினர். அவர்கள் மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு உடனே சொன்னார்கள். அங்கே யாரும் அசையவில்லை. அமெரிக்க நீதித்துறை வந்து சொல்லி, டிசம்பர் 15-ல்தான் விழித்துக்கொண்டார்கள். தினமும் நூறு தடவை கூவுகிற மணியை யார்தான் காதில் வாங்குவார்கள் என்றும் தோன்றுகிறது. நானும் அலுவலகத்தில் இருந்தவன்தானே.

2025-ல் பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடைச் சங்கிலிக்கு நேர்ந்தது இன்னும் எளிது. ஆள்மாறாட்டம் செய்து உள்ளே வந்தார்கள். ஆறு வாரத்துக்கு மேல் ஆன்லைனில் துணி விற்க முடியவில்லை. லாபத்தில் 30 கோடி பவுண்ட் போகும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலும் அந்த பிரின்டர் இருக்கிறது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிற உங்கள் போன்தான் அது. கணக்கைத் துடைக்க வருகிறவன் முதலில் அதைத்தான் முடக்குவான். உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து, உங்கள் எண்ணுக்கே புது சிம் வாங்கிவிடுவான். அவன் சிம் உயிர் பெறும்போது உங்கள் சிம் செத்துவிடும். அப்புறம் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் போகும்.

அதனால் சிக்னல் திடீரென்று போய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இருந்தால், அவர் போனை வாங்கி முதலில் வங்கிக்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மறிக்கத்தான் அந்த எண். இன்னொன்றும் உண்டு. தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் கிடையாது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை வேறு. புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் உங்கள் தலையில்தான் என்றது அதே விதி.

என் மச்சானுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிக்னல் போனது. டவர் பிரச்சினை என்று அணைத்துப் போட்டுப் பார்த்தார், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார், சாப்பிட்டுப் படுத்துவிட்டார். ஞாயிறு காலை என்னிடம் வந்து சொன்னதும், என் போனில் அவர் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் கையில் இருந்த போன் சத்தமே போடவில்லை.