தணிக்கை என்றாலும் சரிதான்!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, பொங்கல் தின்ற மயக்கத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அருமை மக்களே, வணக்கம். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை எதிரணி அண்ணன் ஏற்கெனவே விழுங்கிவிட்டார். ஆகவே தமிழ்த்தாயையும் விழாக் குழுவையும் மனதுக்குள்ளேயே வணங்கிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றும்போது இன்பம் தருவது முன்கூட்டியே போட்ட திட்டமா, போகிற போக்கா? திட்டமே என்பது எங்கள் கட்சி. எங்கள் அணித் தலைவர் உலகத்தையே சுற்றிக் காட்டிவிட்டார். நான் ஒரே ஓர் இடத்தில் நிற்கப் போகிறேன்: நியூசிலாந்தின் தென் தீவு. ஏன் அது? எதிரணி அண்ணனும் அங்கேதான் போய்வந்தேன் என்றார். அவர் ஓட்டிய சாலையிலேயே அவரை மடக்குவதுதானே மரியாதை!

அண்ணன் என்ன சொன்னார்? "இவர்கள் எக்செல் தாளைத் தூக்கிக்கொண்டு மலை பார்க்கப் போகிறவர்கள். மலை இருக்கிறதா, இருக்கிறது. ஏரி இருக்கிறதா, இருக்கிறது. டிக், டிக். இதற்குப் பெயர் சுற்றுலா அல்ல, தணிக்கை" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வசனம்தான். தட்டிய கைகளை அப்படியே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதை சொல்கிறேன்.

என் கொழுந்தனார் எதிரணிக் கட்சிக்காரர். திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தும்மல் வரும். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஐந்து பேரை ஏழு இருக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிறைஸ்ட்சர்ச்சில் இருந்து கிளம்பினார். டிசம்பர் கடைசி வாரம். நமக்கு மார்கழிக் குளிர். அங்கே கோடை, பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம். அந்த நாட்டுக்காரர்களே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிற வாரம். கொழுந்தனார் அறை பதிவு செய்யவில்லை. "போகிற வழியில் எத்தனை விடுதி இருக்கும்!" என்றார்.

விடுதி இருந்தது, நடுவர் அவர்களே. அறைதான் இல்லை.

கிறைஸ்ட்சர்ச்சில் இருந்து டேகாப்போ ஏரி ஏறத்தாழ 225 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பாதை. இவர்கள் புறப்பட்டதே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆட்டு மந்தைக்கும் ஒரு புகைப்படம். அங்கே டிசம்பரில் இரவு ஒன்பது மணியைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தே மணி கணக்கிடும் நம் ஊர்க்காரருக்கு அது பெரிய கண்ணி. மாலை ஐந்து என்று நினைத்துக்கொண்டு ஒன்பதரைக்கு டேகாப்போவில் போய் இறங்கினார்கள்.

ஏரிக்கரை நெடுகச் சிவப்பு விளக்கு எழுத்தில் 'நோ வேகன்சி', அதாவது அறை காலியில்லை.

மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாப்பிள்ளைக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மாப்பிள்ளையிடம் நேரே பேசமாட்டார், மரியாதை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் போகும். முதல் விடுதியில் சிவப்பு விளக்கு. வண்டி நிற்கவில்லை. இரண்டாவது விடுதி, அதே விளக்கு. மூன்றாவது, நான்காவது. மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "ஏனம்மா, இந்த நோ வேகன்சிக்காரன் பெரிய முதலாளி போலிருக்கிறது. ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கிறானே! நல்ல விடுதியாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை ஏன் அங்கே கேட்கமாட்டேன் என்கிறார்? விலை அதிகமா?"

வண்டிக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கிருந்து 58 கிலோமீட்டர் ஓட்டி ட்வைசல் என்ற ஊருக்குப் போனார்கள். அங்கேயும் சிவப்பு விளக்கு. மாமியார் உற்சாகமாகிவிட்டார்: "பார், இங்கேயும் கிளை இருக்கிறது! பணத்தைப் பார்க்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். நானும் உன் அப்பாவும் பாதி கொடுக்கிறோம்."

சிரிக்காதீர்கள், இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது! அடுத்த ஊரின் பெயர் ஒமராமா. நான் வைத்த பெயர் இல்லை, அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் வைத்த பெயர், வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையைப் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்ததும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "ஓம் ராமா! கடவுளே வழி காட்டிவிட்டான்."

கடவுள் காட்டிய வழியில் ஒரு சிறிய மோட்டல். அலுவலகம் பூட்டியிருந்தது. அங்கே பல மோட்டல்களில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் வரவேற்பறையைச் சாத்திவிடுவார்கள். தாமதமாக வருகிறேன் என்று முன்பே சொன்னால் சாவியை ஒரு பெட்டியில் வைத்து எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சொல்வதற்கு இவர்களிடம் பதிவே இல்லையே! மணியை அழுத்தினார்கள். உரிமையாளர் தூக்கக் கலக்கத்தோடு வந்தார், நல்ல மனிதர். அறை இல்லை என்றார். பின் இருக்கையில் தூங்கும் குழந்தைகளைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு சின்னப் புட்டி பாலோடு திரும்பி வந்தார். அறை எடுப்பவர்களுக்குக் காபி, தேநீர் போட்டுக்கொள்ள ஒரு புட்டி பால் கொடுப்பது அந்த நாட்டு மோட்டல் வழக்கம். அறை எடுக்காதவர்களுக்கும் கொடுத்தார் அந்தப் புண்ணியவான். வண்டியை வளாகத்திலேயே நிறுத்திக்கொள்ளவும் அனுமதித்தார். அந்த நாட்டில் கண்ட இடத்தில் காருக்குள் தூங்கினால் பல ஊர்களில் அபராதம் போடுவார்கள்.

ஆறு பேரும் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தூங்கும்முன் மாமியார் மகளிடம் ஒரு வாக்கியம் சொன்னார்: "பால் கொடுக்கிறான், படுக்கை தரமாட்டேன் என்கிறான். சாந்திமுகூர்த்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உன் அப்பாவைக் கேள்."

நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்துவிட்டீர்கள். பதிவு செய்துகொள்கிறேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? டேகாப்போவைச் சுற்றிய அந்தப் பகுதி 2012 முதல் உலகம் அறிந்த இருள்வானக் காப்பகம். விளக்குகளை அடக்கி வைத்து, நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே ஆட்களை வரவழைக்கும் ஊர். அங்கே போய் இவர்கள் அண்ணாந்து பார்த்ததெல்லாம் சிவப்பு விளக்கை.

அண்ணன் எழுந்து சொல்வார்: "பார்த்தீர்களா, அதைத்தானே இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள்! அறை கிடைத்திருந்தால் இந்தக் கதை கிடைத்திருக்குமா?" அண்ணனே, சிரிக்கிறவள் நான். வீட்டில் மெத்தையில் படுத்திருந்தவள். காரில் கழுத்து சுளுக்கிய அந்த மாமனார் இன்னும் சிரிக்கவில்லை!

இன்னொன்றும் சொன்னார். 2019 மார்ச் மாதப் பெருமழையில் ஃபிரான்ஸ் ஜோசப் பக்கத்து வைஹோ ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போனது, மேற்குக் கரைச் சாலையே துண்டானது, அப்போது உங்கள் தாள் என்ன செய்யும் என்று கேட்டார். பாலம் போனது உண்மை. திட்டம் போட்டவர் ஆற்றின் கரையில் நின்றார். திட்டம் போடாதவரும் அதே கரையில்தான் நின்றார், அடுத்த ஊரின் பெயர்கூடத் தெரியாமல். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்தவர் ஒரு தொலைபேசி அழைப்பில் பாதையை மாற்றுவார். எதையும் பதிவு செய்யாதவர் எதை ரத்து செய்வார்?

சரி, தணிக்கைக்கு வருகிறேன். அந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. அண்ணன் கேலி செய்த அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மலையா, ஏரியா? மலை அங்கேயே இருக்கும் அண்ணனே. ஆவோராக்கி என்ற மவுண்ட் குக் சிகரம் 3,724 மீட்டர், நாம் போகும்வரை நகராது. தாளில் இருப்பதெல்லாம் மனிதர்கள்.

குவீன்ஸ்டவுனில் இருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் 288 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் வந்துவிடலாம் என்று கைபேசி வரைபடம் சொல்லும். வரைபடத்துக்கு மூட்டு வலி கிடையாது, வாந்தியும் வராது. ஒரு வண்டி மட்டுமே போகும் பாலங்கள், மலை வளைவுகள், ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விடும் 1.2 கிலோமீட்டர் ஹோமர் சுரங்கம் எல்லாம் கடந்து, படகிலும் ஏறி இறங்கி, அதே நாளில் இன்னொரு 288. ஆகவே தாளில் எழுதுகிறோம்: தே அனாவ் ஊரில் இரண்டு இரவு. அங்கிருந்து 120 கிலோமீட்டர்தான். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது; சென்னை மழையைப் போல நான்கு மடங்கு. ஒரு நாள் மழை கெடுத்தால் மறுநாள் கையில் இருக்கும். இது தணிக்கையா?

பெரிய ஊர்களில் அறை எப்படியும் கிடைக்கும். விரல்விட்டு எண்ணும் விடுதிகள் உள்ள மவுண்ட் குக் கிராமத்தையும் டேகாப்போவையும் முதலில் பதிவு செய்து, மற்ற நாட்களை அதற்கேற்ப நகர்த்துகிறோம். ஹாலிடே பார்க் என்ற முகாம் வளாகத்தில் கேபின் மலிவு என்று கண் பளிச்சிடும். குளியலறை உள்ளேயா, ஐம்பது அடி நடந்து பொதுவிடத்திலா என்று கேட்டு எழுதுகிறோம், ஏனென்றால் தாத்தா இரவில் மூன்று முறை எழுந்திருப்பார். சமையலறை உள்ள மோட்டலாகப் பார்க்கிறோம், பாட்டிக்கு ரசம் இல்லாமல் ஆகாது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம், அதையும் சேர்த்தே வண்டி பதிவு. பையில் என்ன பொடி, என்ன ஊறுகாய் என்று ஒரு பட்டியல். விமான நிலையத்தில் அறிவிக்காமல் ஒரு பழத்தை வைத்திருந்தாலே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அந்த ஆப்பிளைத் தங்கத்தட்டில் வைத்துத்தான் சாப்பிடவேண்டும்!

இந்தக் கட்டங்களுக்கு நடுவே ஊர்ப் பெயர்களை ஒட்டி 'க' என்ற ஒற்றை எழுத்தும் எங்கள் தாளில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் அம்மா பயணத்தில் தண்ணீர் குடிக்கமாட்டார். பஸ்ஸில் திருச்செந்தூர் போனாலும், வேனில் கல்யாணத்துக்குப் போனாலும், விடியற்காலைக் காபியோடு வாயைக் கட்டிவிடுவார். கேட்டால் "தாகமில்லை" என்பார். அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று சிறுமியாக இருந்தபோது நம்பிக்கொண்டிருந்தேன். இந்த அரங்கில் இருக்கும் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அவர்கள் இப்போதே தலையாட்டுகிறார்கள். ஆண்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவுக்கு வழியெல்லாம் மரங்கள் இருந்தன. அம்மாவுக்கு எதுவும் இல்லை. குடித்தால்தானே போகவேண்டும்? அதனால் குடிக்கவில்லை. அவ்வளவுதான் அந்தத் தாகமில்லாமையின் ரகசியம்.

அந்த அம்மாவைத்தான் நியூசிலாந்துக்கு அழைத்துப் போனோம். முதல் நாள், அதே டேகாப்போ சாலை. அம்மா மடியில் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஜெரால்டைன், ஃபேர்லி என்றெல்லாம் எழுதி, பக்கத்தில் 'க' போட்டிருக்கிறாயே, அது என்ன?" என்று கேட்டார். "கழிப்பறை அம்மா. எல்லாம் பொதுக் கழிப்பறை, சுத்தமாக இருக்கும், காசும் கிடையாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் காத்திருக்க வேண்டாம், ஜெரால்டைன் வரைக்கும் வேறு இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்" என்றேன். அம்மா ஒவ்வொரு 'க'வின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "அந்தத் தண்ணீர் பாட்டிலை எடு" என்றார்.

ஓடும் வண்டியில் என் அம்மா தண்ணீர் குடித்ததை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன், நடுவர் அவர்களே. பாதிப் பாட்டிலைக் குடித்தார்!

அண்ணனே, அழகான காட்சி திடீரென்று கண்ணில் பட வேண்டும் என்றீர்கள். படட்டும், நானும் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். ஆனால் கழிப்பறையும் அப்படியே திடீரென்று கண்ணில் படும் என்று நம்பி, எழுபது வயதுப் பெண்ணைப் பின் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டாதீர்கள். இதற்குப் பெயர் தணிக்கை என்றால் நான் தணிக்கையாளர்தான், விசிட்டிங் கார்டே அடித்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். ஆவோராக்கியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன், போகட்டும். நடுவர் அவர்களே, வாதத்தை எல்லாம் எடைபோட வேண்டாம். உங்கள் அம்மா கடைசியாக எந்தப் பயணத்தில் "எனக்குத் தாகமில்லை" என்றார் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.