உப்புத்தாள் கம்பெனியில் ஓர் இளைஞர்

நேயர்களுக்கு வணக்கம். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அந்தப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். உணவகம், ஓய்வறை, குழந்தைகள் காப்பகம் என்று நலத்தைக் கட்டடங்களாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். அவை கட்டாயம் வேண்டும். ஆனால், தனக்குத் தோன்றிய ஒன்றைச் செய்து பார்க்கச் சற்று நேரமும், அது தவறிப்போனால் தண்டனை வராது என்ற தைரியமும் தொழிலாளியின் நலத்தில் சேர்ந்தவையே.

1920களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் திரீ எம் நிறுவனம் உப்புத்தாள் செய்து விற்றுவந்தது. அதன் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், புதிய உப்புத்தாளைச் சோதிப்பதற்காகக் கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறைக்குப் போனார். இரட்டை நிறக் கார்களுக்கு மவுசு இருந்த காலம் அது. ஒரு நிறத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு மற்றதைப் பூசுவார்கள். காகிதத்தை உரித்தால் அடியிலிருந்த பெயின்டும் கூடவே வந்துவிடும். சுவரில் ஒட்டிய படத்தை உரிக்கும்போது சுண்ணாம்பு பெயர்ந்து வருவதை நேயர்களும் பார்த்திருப்பீர்கள். பெயின்டர்களின் எரிச்சலைக் கண்ட ட்ரூ, பெயின்டைக் கெடுக்காத ஒட்டுநாடா ஒன்றைத் தாமே செய்யப் புறப்பட்டார். நிர்வாகியான வில்லியம் மெக்நைட், உப்புத்தாள் வேலைக்குத் திரும்பும்படி சொன்னார். ட்ரூ விடவில்லை, அதற்காக அவர் வேலையை இழக்கவும் இல்லை, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1925இல் மறைப்பு நாடாவும், 1930இல் இன்று நம் வீடுகளில் புழங்கும் ஒளி ஊடுருவும் நாடாவும் அவர் கையிலிருந்து பிறந்தன.

நம் சட்டம் வந்த அதே 1948இல் மெக்நைட் ஒரு கொள்கையை வகுத்தார்: தவறு நேர்ந்ததும் நிர்வாகம் கடுமையாகச் சாடினால், தானாக முன்வரும் ஊக்கம் தொழிலாளியிடம் செத்துவிடும் என்பது அதன் சாரம். வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற வழக்கமும் அங்கே வேரூன்றியது. 1968இல் அந்நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் கண்ட வலுவற்ற பசை, ஒட்டி உரிக்கக்கூடிய குறிப்புத்தாளாக 1980இல் அமெரிக்கக் கடைகளுக்கு வர 12 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். யோசனை சொன்னவருக்கு லாபத்தில் பங்கு தருவது பற்றிப் பேச இயலவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஆலையில், பாரம் சுமந்து முதுகு நொந்த தோழர்களுக்காக ஃபிட்டர் ஒருவர் கழிவு இரும்பில் தள்ளுவண்டி செய்தார். அனுமதியின்றி இரும்பை எடுத்தார் என்று நிர்வாகம் மெமோ கொடுத்தது. அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பிறகு அவர் எதையும் செய்து பார்க்கவில்லை.