வெயில் காணாத காடு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கல்லூரியில் தாவரவியல் நடத்திய இருபத்தைந்து ஆண்டுகளிலும், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு திரைப்படத்தைப் போட்டுக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தேன். ‘சைலன்ட் ரன்னிங்’ என்பது அதன் பெயர். 1972 மார்ச் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த படம். முதலில் வீடியோ கேசட்டில் காட்டினேன், பிறகு குறுந்தகட்டில். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, “மனதில் பட்டதைச் சொல்லுங்கள்” என்பேன். அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டை இன்று கையோடு எடுத்து வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பூமியில் காடுகள் முழுவதும் அழிந்துவிட்டன. மிஞ்சிய மரம், செடி, கொடிகளைப் பெரிய கண்ணாடிக் குவிமாடங்களுக்குள் வைத்து, விண்கப்பல்களில் பூட்டி, சனிக்கோளுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கப்பலில் நான்கு பேர். மூன்று பேருக்கு அது வெறும் உத்தியோகம். எப்போது ஊர் திரும்புவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான்காமவன் ஃப்ரீமன் லோவல். புரூஸ் டெர்ன் நடித்த பாத்திரம். காட்டைப் பிள்ளைபோல வளர்க்கிறவன் அவன்.

ஒருநாள் பூமியிலிருந்து உத்தரவு வருகிறது. காடுகளைக் கழற்றிவிட்டு, அணுகுண்டு வைத்துத் தகர்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள், கப்பல்கள் வணிகத்துக்குத் தேவைப்படுகின்றன என்று. உத்தரவு அவ்வளவுதான். ஏன் அழிக்க வேண்டும், அப்படியே மிதக்க விட்டுவிடக் கூடாதா என்பதற்கு ஒரு சொல் விளக்கம் இல்லை. கடைசி இரண்டு காடுகள் மட்டும் மிச்சமிருக்கும்போது லோவல் எதிர்த்து நிற்கிறான். ஒருவனைக் கைகலப்பில் கொன்றுவிடுகிறான். மற்ற இருவரும் இன்னொரு காட்டின் குவிமாடத்தில் இருக்கும்போது அதை வெளியே தள்ளி வெடிக்க விடுகிறான். பிறகு, சிறு ரோபோக்கள் துணைக்கிருக்க, காட்டோடு சனிக்கோளைத் தாண்டித் தப்பிப் போகிறான்.

என் நோட்டில் மிகுதியான பக்கங்களைப் பிடித்திருப்பது அந்த மூன்று கொலைகள்தான். “மரத்துக்காக மனிதனைக் கொல்லலாமா?” என்று ஒரு கட்சி. “இருக்கிற கடைசிக் காடு அல்லவா?” என்று இன்னொரு கட்சி. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். லோவல் உத்தமன் என்று ஒரு மாணவி எழுந்து பேசினால், “அந்த மூவரும் என்ன கெடுதல் செய்தார்கள்? மேலிடத்து உத்தரவைத்தானே நிறைவேற்றினார்கள்?” என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்பான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நெஞ்சில் பட்டது. என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் லோவலை மன்னிக்கவில்லை. தான் கொன்றவனை ரோபோக்களைக் கொண்டு அதே காட்டில் புதைக்கச் செய்து, தடுமாறித் தடுமாறி இரங்கல் சொல்கிறானே, அந்த இடத்தை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி என்பதே இல்லை. அவனை வீரனாக ஏற்பவர்களும் கொலைகாரனாக ஒதுக்குபவர்களும் அந்தக் காட்சியைச் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

அதைவிட எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

சனிக்கோளைத் தாண்டிப் போன பிறகு காடு வாடத் தொடங்குகிறது. இலை பழுக்கிறது, காய்கிறது, உதிர்கிறது. லோவலுக்குக் காரணம் தெரியவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்கிறான். வெகுநேரம் கழித்துத்தான் புத்தியில் உறைக்கிறது: சூரியனை விட்டு விலகி வந்துவிட்டோம், செடிகளுக்கு ஒளி போதவில்லை! உடனே விளக்குகளைக் கட்டித் தொங்கவிடுகிறான்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் உலகம் முழுவதும் நகைப்பது இந்த இடத்தில்தான். ஐம்பது வருடமாக நகைக்கிறார்கள். தாவரவியல் படித்தவனுக்குச் செடிக்கு வெயில் வேண்டும் என்று தெரியாதா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே! என் மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லா ஆண்டும் சொன்னார்கள்.

ஆகவே ஓர் ஆண்டு வேறு மாதிரி செய்து பார்த்தேன். காடு வாடத் தொடங்கும் இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டேன். விளக்கைப் போட்டேன். “இந்தச் செடிகளுக்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள் பார்க்கலாம்” என்றேன். நாற்பது பேர் இருந்தார்கள். பூஞ்சைக் காளான் நோய் என்றாள் ஒருத்தி. இரும்புச் சத்துக் குறைவு என்றான் ஒருவன். வேர் அழுகல், தண்ணீர்ப் பற்றாக்குறை, அணுக்கதிர் வீச்சு, குவிமாடத்தில் குளிர் இறங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். கரும்பலகை நிரம்பிவிட்டது. ஒருவர் கூட ஒளி என்று சொல்லவில்லை, நேயர்களே. நாற்பது தாவரவியல் மாணவர்களில் ஒருவர் கூட.

அப்போது வாசலில் எங்கள் கல்லூரித் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். செயல்முறை வகுப்புக்கு நான் கேட்டிருந்த செம்பருத்திக் கிளைகளை வாளியில் போட்டு எடுத்து வந்திருந்தார். படிப்பு நான்காம் வகுப்பு. திரையில் நின்றிருந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். “வெயில் காணாத செடி அம்மா இது” என்றார். வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வகுப்பில் சற்று நேரம் பேச்சே இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒளிச்சேர்க்கையைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் நடத்திய நான், ஒளி என்ற சொல்லை அந்த நாற்பது பேரின் கண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. தண்ணீரை நாம் ஊற்றுகிறோம். எருவை நாம் வைக்கிறோம். பூச்சியை நாம் பிடிக்கிறோம். வெயிலுக்கு நாம் எதுவும் செய்வதில்லை, அது தானாக வருகிறது. ஆகவே செடி வாடினால், நாம் செய்தவற்றிலும் செய்யத் தவறியவற்றிலும்தான் காரணத்தைத் தேடுகிறோம். லோவலும் அதைத்தான் செய்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டில் செடி வளர்ப்பவர்களுக்கு உடனே புரியும்.

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு தூரத்தில் சனிக்கோள் இருக்கிறது. தூரம் கூடக் கூட, ஒளி அதன் வர்க்க அளவில் குறையும். ஒன்பதரையை ஒன்பதரையால் பெருக்கினால் தொண்ணூறு. ஆக, நமக்குக் கிடைக்கும் வெயிலில் தொண்ணூறில் ஒரு பங்குதான் அங்கே. இதைக் கேட்டதும் கும்மிருட்டு என்று நினைப்பீர்கள். இல்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், நம் உச்சிவெயிலின் ஒளி ஒரு லட்சம் அளவில் இருக்கும். அதில் தொண்ணூறில் ஒரு பங்கு என்றால் ஆயிரத்துச் சொச்சம். உங்கள் வீட்டுக் கூடத்தில் பகல் நேரத்தில் ஜன்னலோரம் இருக்குமே, அந்த வெளிச்சம். தாராளமாகப் பத்திரிகை படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம். துளசிக்கு அது பட்டினி.

துளசித் தொட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் தவறாமல் ஊற்றுங்கள். சில வாரங்களில் தண்டு மெலிந்து, ஜன்னல் பக்கம் நீளும். இலை வெளிறும். அடியிலை ஒவ்வொன்றாக உதிரும். “நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறேன், ஏன் இப்படி ஆகிறது?” என்று நீங்கள் கேட்பீர்கள். அறை வெளிச்சமாகத்தானே இருக்கிறது! கண் ஏமாற்றுகிறது, நேயர்களே. வெளிச்சம் மங்கினால் கண்பாவையை விரித்துக்கொள்ளும், கூசினால் சுருக்கிக்கொள்ளும். வெளிச்சத்தை அளக்கும் கருவியாகக் கண்ணை ஒருபோதும் நம்பாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. சூரியனை விட்டு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும் கப்பலுக்குள், உறக்கமின்றி, குற்ற உணர்வோடு, தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு வெளிச்சம் குறைவது தெரியாமல் போயிற்று என்றால் நான் நம்புவேன்.

படத்தின் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், சனிக்கோள் அருகே இருக்கும்போதே வெயில் தொண்ணூறில் ஒரு பங்குதானே? அதுவரை அந்தக் காடு எப்படிப் பச்சையாக இருந்தது?” சரியான கேள்வி. படத்தில் அதற்கு விடை இல்லை. இன்னொன்றை நானே சொல்கிறேன். ஒளி குறைந்த செடி முதலில் வெளிறி நீளும், அதற்குப் பிறகுதான் உதிரும். திரையில் நாம் பார்ப்பது காய்ந்து சருகான இலை. என் மாணவர்கள் தண்ணீர் இல்லை என்று நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் தோட்டக்காரர் கண்டுபிடித்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மறுநாள் கேட்டேன். “கண்ணாடிக்கு வெளியே கறுப்பாக இருந்ததே அம்மா” என்றார். நாங்கள் எல்லோரும் இலையைப் பார்த்தோம். அவர் வானத்தைப் பார்த்தார்.

நேரம் ஓடிவிட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். அந்த ரோபோக்களைப் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன். அவற்றுக்குள் இருந்து நடித்தவர்கள் இரு கால்களும் இல்லாத இளம் வயதினர். கைகளாலேயே நடந்து அந்தச் சின்னப் பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தார்கள். என் நோட்டில் கொலைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதப்பட்டிருப்பது அந்த ரோபோக்களுக்காக அழுதோம் என்பதுதான். இயக்குநர் டக்ளஸ் ட்ரம்புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது அவர் இயக்கிய முதல் படம். கப்பலின் உள்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டது கலிபோர்னியாவின் லாங் பீச்சில், உடைப்புக்குப் போகக் காத்திருந்த ‘வேலி ஃபோர்ஜ்’ என்ற உண்மையான விமானந்தாங்கிப் போர்க்கப்பலில். கதையில் வரும் விண்கப்பலுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஜோன் பயஸ் பாடிய பாடல்களைப் பற்றி, பிரசங்கம் போல் இருக்கிறது என்றும் உருக்கிவிட்டது என்றும் வந்த கருத்துகள் தனியாக நான்கு பக்கம் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று இடமில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறிதோர் ஆண்டு அந்தத் தோட்டக்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் படம் முழுவதையும் காட்டினேன். இறுதிக் காட்சியில் லோவல் இல்லை. விளக்குகள் எரியும் குவிமாடம் விண்வெளியில் தனியே மிதந்து போகிறது. உள்ளே ஒரே ஒரு ரோபோ, நசுங்கிய பழைய பூவாளியால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் திரையை விட்டுப் பார்வையை எடுக்காமல் கேட்டார்: “தண்ணீர் ஊற்றுகிறது, சரி அம்மா. மரம் வளர வளர அந்த விளக்கை யார் மேலே தூக்கிக் கட்டுவார்கள்?”

நோட்டில் அதை எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வணக்கம், நேயர்களே.