பர்வீன் ஷாகிர்: வினைச்சொல்லில் நுழைந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம்.

'நான் போகிறேன்' என்று தமிழில் ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனால், எழுதியவர் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உருது மொழியில் அப்படி மறைந்துகொள்ள வழியில்லை. ஆண் 'ஜாத்தா ஹூன்' என்பான். பெண் 'ஜாத்தீ ஹூன்' என்பாள். 'நான்' என்று வாயைத் திறந்ததுமே வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பல நூறு ஆண்டுகளாக உருது கஜலில், அதாவது ஈரடிகளாலான காதல் கவிதை வடிவில், 'நான்' என்று பேசியவன் ஆண். அவன் ஏங்கிப் பாடும் காதலிக்கும் ஆண்பால் வினைதான், மரபு அப்படி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்து ஐதராபாத்தில் புகழ்பெற்ற மஹ் லகா பாய் சந்தா போன்ற பெண் கவிஞர்களும் அந்த மரபுக்குள் நின்றே எழுதினார்கள். லக்னோவில் ஆண்கள் சிலர் பெண் குரலில் 'ரேக்தி' என்றொரு வகையை எழுதினார்கள். அது பெரும்பாலும் வேடிக்கைக்கு எழுதியது. அதில் பெண்ணின் மனம் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1976இல் கராச்சிப் பெண் ஒருவரின் முதல் தொகுப்பு வெளிவந்தது. பெயர் 'குஷ்பூ', அதாவது நறுமணம். எழுதியவர் பர்வீன் ஷாகிர். 1952 நவம்பர் 24 அன்று பிறந்தவர். புத்தகம் வந்தபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. கவிஞர் அகமது நதீம் காஸ்மி நடத்திய 'ஃபுனூன்' இலக்கிய இதழின் வாசகர்களுக்கு அவரை முன்பே தெரியும்.

அவர்தான் முதலாமவர் என்று நான் சொல்லமாட்டேன். கவிஞர் அதா ஜாஃப்ரியின் முதல் தொகுப்பு 1950இலேயே தலைப்பில் பெண்பால் வினையைத் தாங்கி வந்துவிட்டது. கிஷ்வர் நாஹீத், ஃபஹ்மிதா ரியாஸ் இருவரும் பர்வீனுக்கு முன்பே துணிந்து எழுதியவர்கள். பர்வீன் அந்தக் குரலைக் கஜலின் நடுக்கூடத்துக்கே கொண்டுவந்தார். கல்லூரிப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் குரலாக அதை ஆக்கினார்.

'பிக்னிக்' என்று ஒரு சின்னஞ்சிறு கவிதை. தோழிகள் கடலுக்குள் இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் மட்டும் எல்லோரையும் விட்டுத் தள்ளிக் கரையில் உட்கார்ந்து, வந்துபோகும் அலைகளை எண்ணுகிறாள். அல்லது ஈர மணலில் அவன் பெயரை எழுதிக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான். எண்ணுகிறேன், எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்ற இரண்டு வினைகளும் பெண்பால். அந்த நீண்ட 'ஈ' ஓசை இல்லையென்றால் கடற்கரையில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பார், அந்தப் பெண் இருக்கமாட்டாள். தலைப்பு ஆங்கிலச் சொல் என்பதையும் கவனிக்கவேண்டும். 'டிபார்ட்மென்டல் ஸ்டோரில்' என்றுகூட ஒரு கவிதை எழுதியிருக்கிறார். தன் காலத்துப் பெண் எங்கே நடமாடினாளோ அங்கிருந்தே சொல்லை எடுத்தார்.

இன்னொரு கஜலின் தொடக்கம் இது: 'என் பொறுமை எவ்வளவு தாங்கும் என்று நானே சோதித்துப் பார்ப்பேன், அவனுடைய மணப்பெண்ணை என் கையாலேயே அலங்கரிப்பேன்.' இதைத் தியாகம் என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோதிக்கிறவளும் அவளே, சோதிக்கப்படுகிறவளும் அவளே. அவன் அந்த இரண்டு வரிக்குள் வெறும் பார்வையாளன்.

'குஷ்பூ' பாகிஸ்தானின் ஆதம்ஜி இலக்கிய விருது பெற்றது. அதில் உள்ள 'கூ-ப-கூ ஃபைல் கயீ' என்ற கஜலை மெஹ்தி ஹசன் பாட, புத்தகம் வாசிக்காதவர்களையும் அது எட்டியது. அடுத்து 1980இல் 'சத்பர்க்', அதன்பின் 'குத்கலாமி', 1990இல் 'இன்கார்'. தலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: நறுமணம், நூறிதழ், தனக்குத்தானே பேசுதல், மறுப்பு. இதற்கிடையில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை சுங்கத்துறை அதிகாரியானார், ஒரு மகனுக்குத் தாயானார், மணவாழ்க்கை முறிந்தது, ஹார்வர்டில் பொது நிர்வாகம் படித்தார். அழகை மட்டும் எழுதுகிறார் என்று அவரைச் சிறிதாக்குபவர்கள் 'குஷ்பூ'வோடு நின்றுவிட்டவர்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் களைப்பையும் அதிகாரத்தின் முகத்தையும் பின்னால் வந்த தொகுப்புகளில் பார்க்கலாம்.

1994இல் அதுவரை வந்த கவிதைகள் 'மாஹ்-ஏ-தமாம்', முழுநிலவு, என்ற பெயரில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று இஸ்லாமாபாத்தில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவருடைய கார் பேருந்து ஒன்றுடன் மோதியது. அவருக்கு வயது 42. எஞ்சிய கவிதைகள் 'கஃப்-ஏ-ஆயினா' என்ற நூலாகப் பின்னர் வெளிவந்தன.

பர்வீனைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் இழப்பு உறுத்துகிறது. 'உண்மையைத்தான் சொல்வேன், ஆனாலும் தோற்றுப்போவேன்; அவன் பொய் சொல்வான், என்னை வாயடைக்கச் செய்துவிடுவான்.' பொருள் முழுதும் வந்துவிட்டது. ஆனால் 'சொல்வேன்' என்றதும் பேசுகிறவள் பெண் என்பது மறைந்துவிட்டது. வானொலியில் ஒலி இருக்கிறது. எனவே அந்த இரண்டு வரிகளை அவருடைய மொழியிலேயே வாசித்து விடைபெறுகிறேன். முதல் வரியில் இருமுறை அவள் ஒலிப்பாள், இரண்டாவது வரியில் இருமுறை அவன்.

மைன் ஸச் கஹூங்கீ மகர் ஃபிர் பீ ஹார் ஜாவூங்கீ
வோ ஜூட் போலேகா அவுர் லாஜவாப் கர் தேகா.