ஒத்தை எழுத்துக்குள்ள 12 சைபர்: உலகத்துலயே பெரிய நோட்டு

[திரையில்: பழைய ஹங்கேரி நோட்டு ஒண்ணு]

இந்த நோட்டை நல்லா பாருங்க. 1946-ல ஹங்கேரியில புழங்கினது. 'பத்துக் கோடி பி.பெங்கோ'ன்னு அவங்க மொழியில எழுத்தால போட்டிருக்கு. பத்துக் கோடின்னா 8 சைபர். இதுல என்ன அதிசயம்னு கேப்பீங்க.

அந்த 'பி' இருக்கே, அந்த ஒத்தை எழுத்துக்குள்ள இன்னும் 12 சைபர் ஒளிஞ்சிருக்கு! பெங்கோங்கிறது அப்போ ஹங்கேரியில இருந்த பணம். ஒரு பி.பெங்கோன்னா ஒரு லட்சம் கோடி பெங்கோ. அப்போ இந்த நோட்டோட மதிப்பு 1 போட்டு 20 சைபர். நம்ம கணக்குல பத்து லட்சம் கோடி கோடி. கோடிங்கிற வார்த்தையையே ரெண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க. மக்கள் கைக்கு வந்த நோட்டுகள்ல இதைவிடப் பெரிய தொகை உலகத்துலயே கிடையாது.

காகிதப் பணம் எப்படி வந்துச்சுன்னு சட்டுனு பாத்துடலாம். சீனாவுல சிச்சுவான் வியாபாரிகள் இரும்புக் காசைச் சுமக்க முடியாம சீட்டு எழுதிக்கிட்டாங்க. ஐரோப்பாவுல முதல் வங்கி நோட்டு 1661-ல, ஸ்டாக்ஹோம்ல வந்துச்சு. அப்போ ஸ்வீடன்ல பணமா புழங்கின 10 தாலர் செப்புத் தகடு ஒண்ணே கிட்டத்தட்ட 20 கிலோ! சுமை குறையத்தான் காகிதம் வந்துச்சு. ஆனா தகடு அடிக்கச் செம்பு வேணும். நோட்டுல சைபர் சேர்க்க மை போதும்.

[திரையில்: கடிகார முள் ஓடுது]

இப்போதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பெரிய எண்ணைக் கண்ணால பாத்தா புரியாது. நேரமா மாத்திப் பாருங்க. ஒரு லட்சம் வினாடி போக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாளும் நாலு மணி நேரமும். ஒரு கோடி வினாடி? வீடியோவை நிறுத்திட்டு மனசுல ஒரு பதில் நினைச்சுக்கோங்க.

116 நாள்! லட்சம் வினாடி நாளைக்கே முடிஞ்சிடும், கோடி வினாடிக்கு நாலு மாசம் காத்திருக்கணும். லட்சம் கோடி வினாடின்னா சுமார் 31,700 வருஷம். இந்த நோட்டுல இருக்கிற பெங்கோவை வினாடிக்கு ஒண்ணுன்னு எண்ணினா? பிரபஞ்சத்தோட வயசு 1,380 கோடி வருஷம்னு சொல்றாங்க. அது மாதிரி 230 பிரபஞ்ச வயசு வேணும்! இந்தக் கணக்கை மூணு தரம் போட்டுப் பாத்துட்டுத்தான் இங்க சொல்றேன்.

ஏன் இந்த நிலைமை? ரெண்டாம் உலகப் போர்ல ஹங்கேரியோட தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் நாசம். தோத்த நாடுங்கிறதால 30 கோடி டாலர் நஷ்ட ஈடு வேற. வரி வரல, அரசாங்கம் நோட்டு அச்சடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

1946 ஜூலைல விலைவாசி ஏறக்குறைய 15 மணி நேரத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பாச்சு. கேக்க சாதாரணமா இருக்கும். 10 ரூபாய் டீ ஒண்ணை வெச்சுக் கணக்குப் போடுங்க. காலைல 10, ராத்திரி 20. நாளைக்கு மத்தியானமே 40. பத்து நாள்ல 16 தரம் இரட்டிப்பாகும். அப்போ அந்த டீ 6,55,360 ரூபாய்! சம்பளத்தை வாங்கின கையோட கடைக்கு ஓடாதவங்க வீட்ல அன்னைக்கு அடுப்பு எரியாது. வருஷக்கணக்கா சிறுகச் சிறுகச் சேத்து வெச்சவங்களை நினைச்சாத்தான் எனக்கு மனசு ஆறல.

இன்னொண்ணு. பெங்கோங்கிற பேருக்கே 'கணீர்னு ஒலிக்கிறது'ன்னுதான் அர்த்தம். 1927-ல அந்தப் பணம் வந்தப்போ, வெள்ளிக் காசைச் சுண்டினா வர்ற சத்தத்துக்கு வெச்ச பேரு.

[திரையில்: தெருவுல குவிஞ்ச நோட்டுகளைத் துடைப்பத்தால கூட்டுற கறுப்பு வெள்ளைப் படம்]

1946 ஆகஸ்ட் 1-ல பெங்கோவுக்குப் பதிலா ஃபோரின்ட்ங்கிற புதுப் பணம் வந்துச்சு. ஒரு ஃபோரின்ட்டுக்கு எத்தனை பெங்கோ தெரியுமா? 4 போட்டு 29 சைபர். இன்னைக்கும் ஹங்கேரியில அந்த ஃபோரின்ட்தான் புழங்குது.

நாம பாத்த நோட்டைவிடப் பத்து மடங்கு பெருசா, 21 சைபரோட இன்னொரு நோட்டும் அச்சடிச்சாங்க. அது மக்கள் கைக்குப் போகவே இல்ல.