கடைசிப் பல் சிக்கிக்கொண்டால்

நேயர்களுக்கு வணக்கம். நாக்கு நுனியால் உங்கள் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சிலருக்கு அங்கே வெறும் ஈறுதான் இருக்கும். சிலருக்கு முழுப் பல் இருக்கும். இன்னும் சிலருக்குப் பல்லின் ஒரு முனை மட்டும் ஈறைக் கிழித்துக்கொண்டு கூராகத் தட்டுப்படும். இந்த மூன்றாவது வகையினரை நினைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

அந்தக் கடைசிப் பல்லான ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் சாய்ந்தோ படுத்தோ முன்னால் இருக்கும் பல்லில் முட்டி அப்படியே நின்றுவிடும். பாதி வெளியே தெரியும் பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கை போய்ச் சேரும், பிரஷ் போகாது. கிருமி பெருகி ஈறு வீங்கும், வாய் நாறும். நல்ல நிலையில் நம் வாய்க்குள் மூன்று விரலை அடுக்கி வைக்கலாம். இந்த வீக்கம் வந்தால் ஒரு விரல் நுழைவதே பெரிய பாடு.

அப்புறம் என்ன நடக்கிறது? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறோம். நாலு நாளில் வலி போய்விடுகிறது. சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் மாத்திரை கிருமியைத்தான் குறைத்தது. பல்லும் அந்த ஈறு மூடியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சில மாதம் கழித்து அதே வலி திரும்ப வரும்.

என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநர் மூன்று முறை இப்படி மாத்திரையிலேயே சமாளித்தவர். நாலாவது முறை வலிக்காக வரவில்லை, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுரீர் என்கிறது என்று வந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். ஞானப்பல் படுத்தபடி முட்டிக்கொண்டிருந்த இடத்தில், முன்னால் இருந்த நல்ல கடைவாய்ப் பல்லின் பின்பக்கம், ஈறுக்கு அடியில் பெரிய சொத்தை. வேர் வரை போயிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பல் வெள்ளையாக, முழுசாகத்தான் இருக்கும். 12 வயதில் முளைத்து, காலமெல்லாம் சாப்பாட்டை மென்று கொடுத்த பல் அது. அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த முதல் வீக்கத்தின்போதே வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இன்னொரு ஆபத்து சத்தமே போடாமல் வரும். புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்து, வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் எலும்பை அரிக்கும். தாடை மெலிந்துபோய், ஒரு சின்ன அடியில் முறிந்தவர்களும் உண்டு.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், பேச்சுக் குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது தொற்று கழுத்துப் பக்கம் இறங்கியதன் அடையாளம். மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. இன்றும் உயிரைக் குடிக்கிறது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து, தொல்லை தராத பல்லை அவ்வப்போது எக்ஸ்ரேயில் கண்காணித்தால் போதும். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத பல்லை முன்கூட்டி எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். முன்பல் நெருக்கமாகிவிடும் என்ற பயத்துக்காக மட்டும் எடுப்பதற்கும் போதிய ஆதாரம் கிடையாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் இருபதுகளில் எடுப்பது சுலபம். வயதானால் எலும்பு இறுகிவிடும், புண் ஆறவும் நாளாகும். கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு தாடைக்குள்தான் ஓடுகிறது. பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால், சிலருக்கு மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து வேரை விட்டுவிடுவதும் உண்டு. முழுத்தாடை எக்ஸ்ரே பார்த்து உங்கள் மருத்துவர் சொல்வார்.

வலிக்கும்போது கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள், கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றாதீர்கள், புண்ணாகிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். அது டாக்டரைப் பார்க்கும் வரைக்கும்தான்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு. மேல்தாடைக் கோரைப்பல்லும் இப்படிச் சிக்கும், பக்கத்து முன்பல்லின் வேரையே கரைத்துவிடும். பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் மேலுதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டாலோ, எதுவுமே தட்டுப்படாவிட்டாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வயதில் பால் பல்லை மட்டும் எடுத்துவிட்டாலே, பல பிள்ளைகளுக்குக் கோரைப்பல் தானாக வழிக்கு வந்துவிடும். வணக்கம்.