எந்தத் தெருவுக்கு முதலில் தார்?

அடுத்த கேள்வி, வடசென்னையிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "எங்கள் உள் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. மெயின் ரோட்டுக்கு மட்டும் அடிக்கடி தார் போடுகிறார்கள். இருக்கிற பணத்தை நியாயமாகப் பங்கிட வழியே இல்லையா?"

வழி இருக்கிறது அம்மா. ஆனால் "ரொம்ப மோசமான தெருவை முதலில் எடு" என்று சொன்னால் மட்டும் போதாது. லேசாக விரிசல் விட்ட சாலையை அப்போதே அடைத்துவிட்டால் செலவு குறைவு. விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லி அடுக்கு இளகிவிடும். பிறகு அடியிலிருந்து தோண்டிப் போட வேண்டும், செலவு பல மடங்கு. அதனால்தான் பொறியாளர்கள் ஓரளவு நன்றாக இருக்கும் சாலையைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அவர்கள் கணக்கு தப்பில்லை. ஆனால் ஊர் முழுவதற்கும் அதே கணக்கில் ஒரே பட்டியல் போட்டால், ஏற்கெனவே கெட்டுப்போன பகுதி எந்த வருடமும் கடைசியில்தான் நிற்கும்.

சரி, புகார்களை எண்ணி முடிவு செய்யலாமா? அதுவும் நியாயமில்லை. புகார் கொடுக்க நேரம் வேண்டும், சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். பல வருடம் சொல்லியும் ஒன்றும் நடக்காத தெருவில் யார் மறுபடி போன் செய்வார்கள்?

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரம் 2019-இல் செய்ததை எனக்குப் பிடிக்கும். மூன்று வருடச் சாலைத் திட்டம், 10 கோடி டாலர். அதில் 7.5 கோடியை உள் தெருக்களுக்கென்றே ஒதுக்கினார்கள். எங்கே தெருக்கள் அதிகம் கெட்டிருக்கின்றன, எங்கே வசதி குறைந்தவர்கள் அதிகம் வாழ்கிறார்கள் என்று பார்த்து, முதலில் பகுதிவாரியாகப் பணத்தைப் பிரித்தார்கள். அதற்கப்புறம்தான், அந்தந்தப் பகுதிக்குள் எந்தத் தெரு என்ற கேள்வி. இந்த வரிசைதான் முக்கியம். பொறியாளர் கணக்கும் வீணாகவில்லை, ஏழைப் பகுதியின் பங்கும் கரையவில்லை.

உயிருக்கு ஆபத்தான வேலைகளை மட்டும் இந்தப் பங்கீட்டில் சேர்க்கவே கூடாது. பாலம், திறந்து கிடக்கும் மேன்ஹோல், இதற்கெல்லாம் தனி நிதி வேண்டும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1 அன்று ஆற்றுப் பாலம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். அன்றைக்கு அதன் மேல்தளத்தில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கோளாறு கீழே, இரும்புச் சட்டங்களை இணைக்கும் தகடுகளில் இருந்தது. கண்ணில் படாத பழுதுக்குப் புகார் வராது. ஆய்வுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

நம் ஊரில் இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் தெரு உயரும், வீடு பள்ளமாகும், மழைத் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை தொடங்கினால், அந்த முதல் நாளே நின்று கேளுங்கள்.

பகுதி சபைக் கூட்டத்துக்கும் போங்கள் அம்மா. வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அங்குள்ள மக்களின் தேவைகளைக் கேட்கும் கூட்டம் அது. 2022-லிருந்து நடக்கிறது. "எங்கள் தெருவுக்கு ரோடு போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வார்டுக்கு இந்த வருடம் எவ்வளவு, எந்தெந்தத் தெரு, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வார்டுக் கணக்கையும் சேர்த்தே கேளுங்கள்.